பதினேழாம் சீட்டு

ஏப்ரல் 9, 1973. திங்கள்.

காலையில் மூன்றாம் மாடிக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கிரான்மோர் டிவி கம்பெனியில் பதினேழு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். மூன்றாம் மாடிக்குப் போனது இதோடு நான்கு முறை. அதில் இரண்டு முறை லிஃப்டில் பொத்தானை மாற்றி அழுத்தியதால் போனது. கையேடு எழுதுகிறவளுக்கு இடம் கீழ்த்தளத்தில், பாய்லர் அறைக்குப் பக்கத்தில். "டிவிக்கு மேல் பூச்சாடி வைக்காதீர்கள்" என்று இந்த நாட்டில் எத்தனை லட்சம் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். எல்லார் வீட்டு டிவி மேலும் பூச்சாடி இருக்கிறது. என் வீட்டிலும் இருக்கிறது.

விற்பனைத் தலைவர் பிரென்டிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். அப்போதே தெரிந்திருக்க வேண்டும், ஏதோ தலையில் கட்டப் போகிறார் என்று.

"வெர்னா, இதுதான் எதிர்காலம்," என்றார்.

எதிர்காலம் மேஜை மேல் இருந்தது. ரொட்டிப் பெட்டி அளவு. வெண்ணெய் நிறம். அதிலிருந்து இரண்டு ஒயர், ஒவ்வொரு ஒயர் நுனியிலும் திருகுவதற்குக் குமிழ் வைத்த ஒரு கைப்பிடி. டிவியில் மாட்டிக் காட்டினார். திரையில் இரண்டு வெள்ளைச் சதுரம், நடுவே ஒரு கோடு, அங்குமிங்கும் ஓடும் ஒரு குட்டிச் சதுரம். அவ்வளவுதான். சத்தம் கிடையாது. யார் ஜெயித்தது என்று அதற்குத் தெரியாது. எத்தனை புள்ளி என்றும் தெரியாது.

"இதுல பன்னெண்டு விளையாட்டு இருக்கு," என்றார்.

"எங்க சார்?"

"அதைத்தான் நீங்க எழுதணும். பன்னெண்டுன்னு விளம்பரத்துக்குச் சொல்லியாச்சு."

ஏப்ரல் 10.

மூன்று சதுரம். ஒரு கோடு. பன்னிரண்டு விளையாட்டு. ஆண்டவரே.

ஏப்ரல் 15. ஞாயிறு.

கோயிலிலிருந்து வந்து தங்கை ஹில்டாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். பிப்ரவரியில் ஒரே ஒரு சூட்கேஸோடு வந்து என் வாசலில் நின்றவள் இப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

அந்தப் பெட்டியை இவள்தான் செய்கிறாளாம். கிரான்மோரில் இவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நான். பற்றவைக்கிற பிரிவில் இருக்கிறாள் என்று தெரியும், எதைப் பற்றவைக்கிறாள் என்று கேட்டதே இல்லை. முப்பத்தெட்டுப் பெண்கள் ஒரு வரிசையில் உட்கார்ந்து அந்த எதிர்காலத்துக்குள் கம்பி கம்பியாய்ப் பற்றவைக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்குள் பெட்டி விற்றால் வரிசை இருக்கும். விற்காவிட்டால் மூடிவிடுவார்களாம். மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

"மூடினா என்னடி பண்ணுவே?"

"ராய்கிட்டத்தான் போகணும். வேற எங்க போறது?"

"ஏன், இங்க இரேன்."

"உன் சோத்தைத் தின்னுக்கிட்டு எத்தனை நாளைக்கு அக்கா?"

அவள் புருஷன் ராய் அடிக்கிற ஆளில்லை. அடித்திருந்தால் அண்டை அயலுக்குச் சொல்லவாவது ஒரு காரணம் இருந்திருக்கும். பதினோரு வருடம் அவள் எதைச் செய்தாலும் திருத்திக்கொண்டே இருந்தான். உருளைக்கிழங்கு தோல் சீவுவதில் குற்றம். கார்க் கதவைச் சாத்துவதில் குற்றம். சிரித்தால் குற்றம். "என் வீட்டை விட்டா உன்னால வேற எங்கயும் ஒரு நாள் ஓட்ட முடியாது" என்று அவன் சொன்னதை இவளும் நம்பிக்கொண்டிருந்தாள். இன்னும் பாதி நம்புகிறாள்.

ஆக, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹெண்டர்சனில் இருக்கும் அந்த மகானிடம் என் தங்கை திரும்பிப் போகாமல் இருக்க வேண்டுமானால் இந்த மூன்று சதுரம் விற்க வேண்டும். என் தலையெழுத்தைப் பார்.

மே 19. சனி.

ஏழு விளையாட்டு முடித்துவிட்டேன். எல்லாம் ஒரே விளையாட்டுதான். பெயரும் பிளாஸ்டிக் தாளும்தான் வேறு. திரை மேல் வண்ணத் தாளை ஒட்டவேண்டும். பச்சைத் தாள் ஒட்டினால் டென்னிஸ். நீலத் தாள் ஒட்டினால் கடற்போர். சிறைச்சாலைத் தாள் ஒட்டினால் குட்டிச் சதுரம் கைதி. இதைப் பார்த்து பிரென்டிஸ் கைதட்டினார். பெரிய மனிதர்.

பெட்டிக்கு ஒன்றும் தெரியாததால் தெரிய வேண்டியதையெல்லாம் நான் எழுத வேண்டியிருக்கிறது. பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று சண்டை வந்தால்? ஹில்டாவும் நானும் ஹாலில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தோம், சண்டை வந்தது. நான் தாண்டவில்லை என்றேன். அவள் உடனே, "சரி, தாண்டலை," என்று குமிழை வைத்துவிட்டாள். தாண்டியது. எனக்கே தெரியும். அப்படி உடனே விட்டுக்கொடுக்க எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்கத் தேவையில்லை. எரிச்சல்தான் வந்தது.

விதி எழுதினேன்: சண்டை வந்தால் இருவரில் இளையவர் சொல்வதே சரி.

ஹில்டா அதைப் படித்துவிட்டு, "இது எனக்காக எழுதினதா?" என்றாள்.

"கம்பெனிக்காக எழுதினது. பேசாம விளையாடு."

ஜூன் 12. செவ்வாய்.

கையேட்டின் முதல் பக்கத்தைச் சிவப்புப் பென்சிலால் கீறித் திருப்பி அனுப்பியிருக்கிறார் பிரென்டிஸ். வேறு எந்தப் பக்கத்தையும் பிரித்த அடையாளமே இல்லை. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் அடி வாங்கியிருக்கிறது.

"இந்தப் பெட்டி எந்தக் கம்பெனித் தொலைக்காட்சியிலும் வேலை செய்யும்."

இது நானாக விட்ட கதை இல்லை. பொறியாளர் ஸ்ட்ராட்மன் சொன்னது. "டிவிக்குப் பின்னாடி ஆன்டெனா மாட்டுற திருகு ரெண்டு இருக்கா? போதும். அதுல மாட்டி மூணாம் சேனலை வை. யார் டிவியா இருந்தா என்ன," என்றார். அந்த மனிதர் வருடத்தில் நான்கு வாக்கியம்தான் பேசுவார். அந்த நான்கையும் எனக்கே செலவழித்துவிட்டார்.

மாடி ஏறிப் போனேன்.

"சார், இதுல என்ன தப்பு?"

"தப்புன்னு யார் சொன்னா? சொல்ல வேண்டாம்ங்கறேன். அவ்வளவுதான்."

"சொல்லலைன்னா நம்ம டிவியில மட்டும்தான் ஓடும்னு நினைச்சுக்குவாங்க."

"நினைச்சுக்கட்டுமே." பல்லைக் காட்டினார். "பெட்டி வாங்க வர்றவன் கூடவே டிவியும் வாங்கிட்டுப் போவான். நாம என்ன பெட்டியா விக்கிறோம் வெர்னா? நாம விக்கிறது டிவி."

வீட்டில் நன்றாக ஓடுகிற டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று சதுரத்துக்காகப் புது டிவி வாங்குவானாம். இருபது வருடம் டிவி விற்றுக் கிழித்த மூளை. இந்த மாதிரிப் பெட்டியைப் போன வருடமே முதலில் கொண்டுவந்தது வேறொரு கம்பெனி. அவர்கள் டிவியில்தான் அது ஓடும் என்று இன்றைக்கும் பாதி ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதைக் கண்ணால் பார்த்த பிறகும் இவர் அதே பள்ளத்தில் ஆசையாய் இறங்குகிறார்.

கோபத்தில் லிஃப்டில் பொத்தானை மாற்றி அழுத்தி இரண்டாம் மாடியில் இறங்கினேன்.

ஜூலை 6. வெள்ளி.

செய்துவிட்டேன்.

ஒன்பதாம் விளையாட்டின் பெயர் "ஊரைச் சுற்று". திரையில் பந்தைத் தவறவிடாமல் அடித்தவர் ஒரு சீட்டு எடுக்க வேண்டும். சீட்டில் சொன்னபடி காகிதப் பலகையில் முன்னேயோ பின்னேயோ நகர வேண்டும். இருபத்து நான்கு சீட்டு. காலணி நாடா அவிழ்ந்தது, ஒரு கட்டம் பின்னே. மாமா சாக்லேட் கொடுத்தார், மூன்று கட்டம் முன்னே. மூளைக்கு வேலை இல்லாத வேலை.

பதினேழாம் சீட்டை இப்படி எழுதினேன்:

"பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார்: என் டிவி வேறு கம்பெனி, இந்தப் பெட்டி என் வீட்டில் ஓடாது. அவர் சொல்வது தவறு. எந்த டிவியிலும் ஓடும். நம்பாவிட்டால் கொண்டுபோய் மாட்டிக் காட்டு. இரண்டு கட்டம் முன்னே செல்."

கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். பதினேழு வருடத்தில் மேலிடம் அடித்த ஒன்றைத் திரும்ப எழுதியது இதுதான் முதல் முறை.

ஜூலை 9. திங்கள்.

இருபத்து நான்கு சீட்டிலும் பிரென்டிஸின் கையெழுத்து விழுந்துவிட்டது. மாடிக்குப் போய் வர ஏழு நிமிடம். அதில் லிஃப்ட் ஐந்து நிமிடம். இரண்டே நிமிடத்தில் இருபத்து நான்கு சீட்டு படித்த மேதை.

அச்சுக்குப் போகிறது.

செப்டம்பர் 22. சனி.

கெஸ்னர் கடைக்குப் போனேன். நம் டிவி மட்டும் விற்கிற கடை, அதனால் பெட்டியும் அங்கேதான். ஜன்னலோரம் மாட்டி வைத்திருக்கிறார். கூட்டம் நன்றாகத்தான் நிற்கிறது. குமிழைத் திருப்பிப் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்தக் கேள்வி வருகிறது.

"எங்க வீட்ல வேற டிவிங்க. அதுல ஓடுமா?"

கெஸ்னர் சிரிக்கிறார். சிரிக்க மட்டும்தான் அவருக்கு உத்தரவு. "நம்ம டிவியில பாத்தா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்," என்கிறார். கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. அவர்கள் குமிழை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் நின்ற நேரத்தில் யாரும் டிவி வாங்கவில்லை. பெட்டியும் வாங்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் கெஸ்னர் என் பக்கம் வந்து, "ஓடும்னு எனக்குத் தெரியும் வெர்னா. வீட்ல மாட்டிப் பாத்தேன். ஆனா சொன்னா ஏஜென்சிய எடுத்துருவாங்க," என்றார். முகம் தொங்கிப் போயிருந்தது. திட்ட வாயெடுத்தவள் அவர் தோளைத் தட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 3. புதன்.

பிராங்க்ளின் தெருத் திருவிழா. கிரான்மோருக்கும் ஒரு ஸ்டால். மூளை வறுவல் சாண்ட்விச் வரிசைக்கு எதிரே. மூளை எந்தப் பக்கம் இருந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. பிரென்டிஸ் சிவப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கூவிக்கொண்டிருந்தார்.

ஹில்டாவும் நானும் வேலியோரம் நின்று சாப்பிட்டோம். பதினேழாம் சீட்டைப் பற்றி இன்றுதான் அவளிடம் சொன்னேன். மூன்று மாதம் அடைகாத்த ரகசியம். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

அவள் கடித்த வாயோடு நின்றாள். "அக்கா. அந்தச் சீட்டு எங்க இருக்கு?"

"பெட்டிக்குள்ள."

"அப்ப பெட்டிய வாங்கினவன்தானே அதைப் படிப்பான்?"

"ஆமா."

"வாங்கினவனுக்குத்தான் ஓடும்னு ஏற்கெனவே தெரியுமே."

சாண்ட்விச்சிலிருந்த கடுகு சாஸ் என் சட்டையில் சிந்தியது.

பதினேழு வருடம் கையேடு எழுதி எழுதி என் மூளை இப்படித்தான் ஆகியிருக்கிறது. நான் எழுதியதெல்லாம் பெட்டி வாங்கியவன் கையில்தான் போய்ச் சேரும் என்பது நேற்றுப் பிறந்த குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. பெரிய வீராங்கனை மாதிரிக் கதவை வேறு சாத்திக்கொண்டேனாம். பிரென்டிஸ் ஒரு முட்டாள் என்றால் நான் அவருக்கு அக்கா.

அக்டோபர் 4.

கெஸ்னர் கடையில் நேற்று விற்ற பெட்டி, பூஜ்யம்.

நவம்பர் 22. வியாழன்.

நன்றி கூறும் நாள். வான்கோழி காய்ந்து கட்டையாகிவிட்டது, என் கைங்கரியம். ஹில்டா குற்றம் சொல்லாமல் சாப்பிட்டாள். மதியம் ராய் போன் பண்ணினான்.

கிரான்மோரில் வரிசையை மூடப் போகிறார்கள் என்பது அவன் காது வரைக்கும் போயிருக்கிறது. கேட்கவில்லை, அறிவித்தான். ஜனவரி ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப் போகிறானாம். துணியை மடித்து வைக்க வேண்டுமாம். "இந்தத் தடவையாவது சட்டைய ஒழுங்கா மடி" என்றானாம். இவள், "சரி" என்றாளாம்.

சரியா? என்னடி சரி? எதுக்குச் சரி? மூணு மைல் அகல ஆறு ஒண்ணு நடுவுல ஓடினாப் போதும்னு நினைச்சேனே, அது அரை மைல்கூட இல்ல. கேட்டால், "ஊர்ல எங்கயும் ஆள் எடுக்கலைக்கா. ஃப்ரிட்ஜ் செய்யற தொழிற்சாலைலயும் ஆளைக் குறைக்கறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்கிறாள். அவள் சொல்வது உண்மைதான்.

தட்டுகளைக் கழுவினேன். ஒன்று உடைந்தது. உடைத்தேன்.

டிசம்பர் 4. செவ்வாய்.

கையேடு பற்றிய கடிதங்கள் என் மேஜைக்குத்தான் வரும். வழக்கமாக டிவியில் எறும்பு புகுந்தது என்று வரும். இன்று வந்தது ஜாஸ்பர் ஊரிலிருந்து, திருமதி பெக்மன் என்ற அம்மாள் எழுதியது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

"ஐயா, ஒன்பதாம் விளையாட்டில் எங்களுக்கு ஒரு சந்தேகம். சனிக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர்களோடு விளையாடினோம். என் கணவர் பதினேழாம் சீட்டை எடுத்தார். பக்கத்து வீட்டுக்காரர் உண்மையாகவே, என் வீட்டு டிவியில் ஓடாது என்றார். ஆகவே சீட்டில் சொன்னபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் மாட்டினோம். ஓடியது. இப்போது இரண்டு கட்டம் முன்னே போக வேண்டியது என் கணவரா, டிவியைக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரா? அவர்கள் இருவரும் இரண்டு நாளாகப் பேசிக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரரும் ஒரு பெட்டி வாங்கிவிட்டார். உடனே பதில் எழுதவும்."

மூன்று முறை படித்தேன். பாய்லர்க்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்றார். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

விளையாட்டில் நேரடியாய் எழுதினால் நேரடியாய்ச் செய்வார்கள் என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. பூச்சாடி வைக்காதே என்றால் வைக்கிற அதே ஜனங்கள், இரண்டு கட்டத்துக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பனியில் தெருவைக் கடக்கிறார்கள்.

இருவரும் ஒவ்வொரு கட்டம் என்று பதில் எழுதினேன்.

டிசம்பர் 11. செவ்வாய்.

இதேபோல் இன்னும் ஆறு கடிதம் வந்தாயிற்று. ஏழாவது பிரென்டிஸ் மேஜைக்குப் போய்விட்டது. கூப்பிட்டார். நாற்காலி கொடுக்கவில்லை.

"இந்தச் சீட்டை யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"யார் அனுமதி கொடுத்தது?"

மூலப் படியை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் முன்னால் வைத்தேன். பதினேழாம் சீட்டின் கீழே அவருடைய கையெழுத்து, வாலைச் சுழித்துக்கொண்டு. விரலால் அதைத் தேய்த்துப் பார்த்தார்.

"படிச்சுட்டுத்தானே சார் போட்டிருப்பீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டது இனித்தது.

"நீங்க போகலாம் வெர்னா."

என்னை வேலையை விட்டுத் தூக்க வேண்டுமானால் தான் படிக்கவில்லை என்று மேலே சொல்ல வேண்டும். சொல்ல மாட்டார். மதியமே கதை கீழே வந்துவிட்டது: கூட்டத்தில், சீட்டு மூலமாக வீட்டுக்கு வீடு பரப்புவது தன்னுடைய யோசனை என்று பேசினாராம். இருக்கட்டும். வரிசையைக் காப்பாற்றட்டும், என் செருப்பும் தன் யோசனை என்று சொல்லிக்கொள்ளட்டும்.

டிசம்பர் 21. வெள்ளி.

காப்பாற்றவில்லை. இன்று மூன்று மணிக்கு வரிசையை நிறுத்திவிட்டார்கள்.

சீட்டு ஒரு தெருவுக்கு இரண்டு பெட்டி, மூன்று பெட்டி விற்றது. அதுவும் காலம் கடந்து. பெட்டியின் அட்டையில் ஒரு வாக்கியம் இருந்திருந்தால் செய்திருக்கக்கூடியதை இருபத்து நான்கில் ஒரு சீட்டு எப்படிச் செய்யும்? மேலிடத்தின் முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது: "வீட்டில் டிவியில் விளையாட மக்களுக்கு ஆர்வம் இல்லை." ஆர்வம் இல்லையாம். ஜாஸ்பரில் இரண்டு ஆம்பிளைகள் பேச்சு வார்த்தை இல்லாமல் கிடக்கிறார்கள், ஆர்வம் இல்லையாம்.

போகிற பெண்களுக்கு ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார்கள், மூடியில் கீறல் விழுந்ததாகப் பார்த்து. ஹில்டா தன்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

ஜனவரி 6, 1974. ஞாயிறு.

வரிசையாக எழுதுகிறேன், இல்லையென்றால் நானே நம்ப மாட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ராய் வந்தான். பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போடுவதில்லை, அதனால் நேற்றே வரிசையில் நின்று நிரப்பினானாம். வாசலில் காலைத் துடைப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டான். தியாகி. ஹில்டாவின் சூட்கேஸ் ஹாலில் தயாராக இருந்தது. அதைத் தூக்கிப் பார்த்து, கனம் ஒரு பக்கமாக இருக்கிறது என்றான்.

நான் காப்பிகூடக் கொடுக்கவில்லை. அவளும் கோட்டைப் போட்டுக்கொண்டுவிட்டாள். டிவி மேல் பெட்டி இருந்தது. அதை எடுக்கப் போனாள்.

"அது எதுக்கு? நம்ம வீட்ல ஓடாது. நம்ம டிவி வேற."

"ஓடும்," என்றாள் ஹில்டா.

"ஓடாதுடி. ஹெண்டர்சன்ல கடைக்காரனே சொன்னான்."

"நான் செஞ்சது ராய். எனக்குத் தெரியும்."

"நீ ஒயரைப் பத்தவச்சே. அதுக்காக இன்ஜினீயர் ஆயிட்டியா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான், நானும் சிரிப்பேன் என்று.

அவள் உதட்டைக் கடித்தாள். நான் அறிவேன், அடுத்தது "சரி" வரும். பதினோரு வருடமாக வந்தது. ஆனால் அவள் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வா, மாட்டிக் காட்டறேன்," என்றாள். போய்விட்டார்கள். அவன் கார் தெருமுனை திரும்பும் வரை ஜன்னலில் நின்றேன். பிறகு சமையலறையில் போய் உட்கார்ந்து அழுதேன். நான் எழுதிய எழவு சீட்டு, கொண்டுபோய் மாட்டிக் காட்டு என்று. கொண்டுபோய்விட்டாள்.

நாலேகாலுக்குக் கதவைத் தட்டும் சத்தம். ஹில்டா. ஒரு கையில் சூட்கேஸ், மறு கையில் பெட்டி, கைப்பிடி ஒயர் ஒன்று தரையில் இழுபட்டபடி. ஹெண்டர்சன் பஸ்ஸில் வந்திருக்கிறாள். மூக்கு சிவந்து கிடந்தது.

"ஓடுச்சா?" என்றேன். எத்தனையோ கேட்டிருக்கலாம். அதுதான் வாயில் வந்தது.

"ஓடுச்சு." கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். "மூணாம் சேனல் வச்ச உடனே வந்துருச்சு. கோடு, சதுரம் எல்லாம் பளிச்சுன்னு. ஒரு ஆட்டம் ஆடினோம், தோத்தான். அப்புறம் என்ன சொன்னான் தெரியுமா? டிவி நல்ல டிவி, அதான் ஓடுதுன்னான்."

"பாவி."

"திருகை நான் சரியா முறுக்கலைன்னு இன்னொரு தடவை அவனே கழட்டி மாட்டினான் அக்கா. ஓடிக்கிட்டு இருக்கறப்பவே. கண்ணு முன்னால ஓடுது, அப்பவும் நான் சொன்னது சரின்னு அவன் வாயில வரலை. நான் அவன் முதுகையே பாத்துக்கிட்டு இருந்தேன். பதினோரு வருஷமா நான்தான் எதையோ தப்பா மாட்டறேன்னு நினைச்சேன்."

பிறகு பெட்டியைக் கழற்றிக்கொண்டு, சூட்கேஸைப் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு, நடந்து பஸ் நிலையத்துக்கு வந்துவிட்டாளாம். அவன் வாசலில் நின்று, கதவை இப்படியா சாத்துவது என்றானாம்.

வான்கோழியைக் கட்டையாக்கியவள், வாயைத் திறந்தால் இதையும் கெடுத்துவிடுவேன். சூப் சூடாக்கினேன்.

ஜனவரி 7.

சூட்கேஸைப் பிரித்து அலமாரியில் அடுக்கிவிட்டாள். சட்டைகளை மடிக்கவில்லை, சுருட்டி வைத்திருக்கிறாள்.

ஜனவரி 14. திங்கள்.

கெஸ்னர் ஹில்டாவைக் கூப்பிட்டு அனுப்பினார். விற்காத பெட்டிகள் கூரை வரை அடுக்கிக் கிடக்கின்றன. கம்பெனி அந்தப் பெட்டியைக் கைகழுவிவிட்டதால் இனி என்ன சொல்லி விற்றாலும் கேட்க ஆளில்லை.

"நீ வீட்டுக்கு வீடு எடுத்துட்டுப் போய் மாட்டிக் காட்டு ஹில்டா. யார் டிவியா இருந்தாலும் சரி. எனக்கு வாயைத் திறந்து சொல்ற ஆள் வேணும்," என்றாராம்.

"எனக்கு விக்கத் தெரியாதே," என்றாளாம் இவள்.

"எனக்கும்தான் தெரியலை, இருபது வருஷமா," என்றாராம் கெஸ்னர்.

நாளையிலிருந்து போகிறாள்.

டிசம்பர் 13, 1975. சனி.

இந்த நோட்டைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தேன். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக இதில் ஒன்றும் எழுதவில்லை. திட்ட ஆளில்லை என்று அர்த்தமில்லை, நேரமில்லை.

ஹில்டா கெஸ்னர் கடையிலேயே இருக்கிறாள். இப்போது அங்கே எல்லாக் கம்பெனி டிவியும் விற்கிறார்கள். இந்தக் கிறிஸ்துமஸுக்கு வேறொரு கம்பெனியின் புதுப் பெட்டி வந்திருக்கிறது. மட்டையும் பந்தும் மட்டும்தான். ஆனால் பந்து பட்டால் சத்தம் வருகிறது, புள்ளியை அதுவே எண்ணிக்கொள்கிறது. எனக்கு அதில் வேலையே இல்லை. கையேடு ஒரே தாள். வாங்க வரிசையில் நிற்கிறார்கள். ஆர்வம் இல்லாத மக்கள்.

மதியம் சாப்பாடு கொண்டுபோனேன். கடை ஜன்னலில் புதுப் பெட்டியின் அட்டைகளை அடுக்கியிருந்தார்கள். முன்பக்கத்தில், கண்ணில் அடிக்கிற எழுத்தில்: "எந்தத் தொலைக்காட்சியிலும் வேலை செய்யும்."

நின்று படித்தேன். என்னுடையதைவிட மூன்று சொல் குறைவு. ஒத்துக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறது.

உள்ளே கல்லாவுக்கு முன்னால் சிவப்புக் கோட்டு. பிரென்டிஸ். போன வருடம் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பேரனுக்கு வாங்க வந்திருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை. ஹில்டாவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பற்றவைத்த முப்பத்தெட்டுப் பேரில் ஒருத்தியை எப்படித் தெரியும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், எழுத்து அவர் மூக்குக்கு நேரே.

"ஏம்மா, எங்க வீட்ல கிரான்மோர் டிவி. இது அதுல ஓடுமா?"

"அட்டையிலேயே போட்டிருக்கு சார். படிச்சுப் பாருங்க," என்றாள் ஹில்டா.

அவர் அட்டையைத் திருப்பினார், அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார், கீழே வைத்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஓடுமா, ஓடாதா, நீ சொல்லு."